பத்து வாட் லேசரும் ஹட்டன் ஈரமும்

லேசர் பொறிப்பு இயந்திரத்தோடு வந்த தாளில் மரத்துக்கென்று ஒரே வரிதான் இருந்தது: சக்தி 80 சதவீதம், வேகம் நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர். அதை நம்பிப் பெரியப்பாவின் புதுவீட்டுப் பெயர்ப்பலகையில் கைவைத்தேன். வீட்டுப் பெயர் கரு கருவென்று வந்தது. அதற்குக் கீழே அவருடைய பெயர் சாயம் போன சட்டை மாதிரி வெளிறிக் கிடந்தது. "வீட்டில் எனக்குப் பங்கில்லையா மகன்?" என்று சிரித்தார்.

லென்ஸைத் துடைத்தேன், ஒளி ஒரு புள்ளியாய்க் கூடும் குவிய உயரத்தைத் திரும்ப அளந்தேன். இரண்டிலும் பிழையில்லை. பலகைதான் குற்றவாளி. தென்மேல் பருவ மழைக்காலத்தில் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கீழ்ப்பாதி ஈரத்தை உறிஞ்சியிருந்தது. அந்த நீர் ஆவியாகிப் போன பிறகுதான் மரம் கருகத் தொடங்கும். அதற்குள் லேசர் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. இலங்கை மலையகத்து ஹட்டனில் வெயிலை நம்பிப் பயனில்லை. இப்போது எந்தப் பலகையானாலும் அடுப்படியில் சில நாட்கள் கிடந்த பிறகே மேசைக்கு வருகிறது.

அதன்பின் தாளை மடித்து வைத்துவிட்டு, கழிவுத் துண்டு ஒன்றில் 25 சிறு கட்டங்கள் பொறித்தேன். குறுக்கே சக்தி, நெடுக்கே வேகம். 80 சதவீதமும் 3000 வேகமும், 40 சதவீதமும் 1500 வேகமும் கணக்குப்படி ஒரே சூடு. பலகையில் அப்படி இல்லை. மெதுவாகப் போனால் சூடு பக்கவாட்டில் பரவி எழுத்தின் ஓரம் பழுப்பேறுகிறது. வேகமாகப் போனால் ஓரம் கூர்மையாக நிற்கிறது. லேசர் எழுத்தை நிரப்பப் போடும் வரிகளின் இடைவெளியை 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.05 ஆக்கினால் சூடும் இரட்டிப்பு, நேரமும் இரட்டிப்பு. அழகுக்கு ஆசைப்பட்டு நான் இடைவெளியைக் குறைத்த அன்று, எழுத்தே பள்ளமாகிவிட்டது.

அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு வேறு ரகம். இந்த டயோடு லேசரின் நீல ஒளி, சுமார் 450 நானோமீட்டர், தெளிந்த அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும். என் தகட்டில் ஒரு கீறலும் இல்லை. அடியில் இருந்த மேசையில் வாடிக்கையாளர் பெயர் அழகாகப் பதிந்திருந்தது. கறுப்பு அக்ரிலிக் தொல்லை தருவதில்லை.

ரெக்சின் பணப்பை கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலும் அது பிவிசி, குளோரின் உள்ள பிளாஸ்டிக். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சையும் கெடுக்கும், இயந்திரத்தின் இரும்பையும் துருவாக்கும். சந்தேகம் என்றால் செப்புக் கம்பியைப் பழுக்கச் சூடாக்கி, அந்தப் பொருளில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுவேன். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. வெளியே, காற்றோட்டத்தில்தான் செய்வேன்.

அளவுகளைக் குறித்துவைக்கும் என் கொப்பியில் இன்னும் வெறுமையாக இருப்பது சிரட்டைப் பக்கம். மேடு வளைந்து இறங்க இறங்க, குவியம் தப்பி எழுத்து மங்குகிறது. மூன்று நான்கு எழுத்துள்ள பெயரென்றால் எடுக்கிறேன். தகப்பன் பெயரையும் சேர்க்கச் சொன்னால், பலகையில் செய்து தருவதாகப் பேசிப் பார்க்கிறேன்.