ஹெபடைடிஸ் பி: காமாலை வராமலே ஈரல் புற்றுநோய் வரை

ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் பி நாள்பட்டுத் தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிறது. வளர்ந்தபின் தொற்றுபவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே அப்படி ஆகிறது.

கிருமியை விரட்டுவதற்காக நோயெதிர்ப்புச் செல்கள் ஈரல் செல்களைத் தொடர்ந்து தாக்க, அவை அழிவதும் மீண்டும் பெருகுவதுமாக இருக்க, ஒவ்வொரு பெருக்கத்திலும் மரபணுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) வந்த பிறகுதான் புற்றுநோய் வரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இந்த வைரஸ் தன் டிஎன்ஏவை நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடக் கூடியது என்பதால், சிரோசிஸ் இல்லாதவர்களுக்கும் புற்றுநோய் வரலாம்.

சென்னையில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். இந்த வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கே, சென்னை ஆய்வாளர்களுடன் இணைந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் கீழாநெல்லி பலன் தருவதாகச் சொன்ன ஆய்வை வெளியிட்டார். பிந்தைய ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வைரஸை அடக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கின்றனவே தவிர முற்றிலும் நீக்குவதில்லை. ஆகவேதான் சிரோசிஸ் உள்ளவர்களையும், குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் வந்திருப்பவர்களையும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எஸ்ஜிபிடி (ஈரல் செல்களின் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள், இந்த வைரஸ் உடலில் இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி ரத்தப் பரிசோதனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனியாகச் செய்யச் சொல்லலாம்.