கர்சரை மறைத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்

குடும்பப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க பாஷ் என்ற ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். படத்துக்கு ஒரு வரி டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், அச்சிடும். 4,000 படம் ஓடும்போது நடுவில் வந்த பிழை மேலே போய் மறைந்துவிடும். முன்னேற்றம் ஒரே வரியில் மாற வேண்டும், பிழை மட்டும் தனி வரியில் நிற்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

புதுவரிக்குப் பதிலாக கேரேஜ் ரிட்டர்ன் போட்டேன். கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போனது, பழைய எழுத்து போகவில்லை. 'தாத்தா வீட்டுப் பொங்கல்' மேல் 'மழை' எழுதியதும் பழைய பெயரின் வால் பின்னால் ஒட்டி நின்றது. நீளத்தை எண்ணி, மீதியை இடைவெளியால் நிரப்பப் பார்த்தேன். தமிழில் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து. 'மி'யின் கொம்பையும் 'ழ்'இன் புள்ளியையும் தனியாக எண்ணும் பாஷுக்கு 5. கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதோ டெர்மினலுக்கு டெர்மினல் மாறுகிறது.

எண்ணுவதையே விட்டுவிட்டேன். டிபுட் என்பது டெர்மினலுக்குத் திரைக் கட்டுப்பாட்டுக் குறிகளைத் தரும் கட்டளை. எழுதும் முன் 'டிபுட் இஎல்' கொடுத்தால், கர்சர் நிற்கும் இடத்திலிருந்து வரி முடிவு வரை டெர்மினலே துடைத்துவிடும். விடி100 என்ற பழைய டெர்மினல் காலத்து எஸ்கேப் குறியை (திரையைக் கட்டுப்படுத்தும் எழுத்துத் தொடர்) நேரடியாகவும் அனுப்பலாம். ஆனால் டிபுட், டெர்மினல் எந்த வகை என்று சொல்லும் டெர்ம் மாறியைப் பார்த்து அந்த டெர்மினலுக்கு உரிய குறியை எடுத்துத் தருகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் டிபுட்டைக் கூப்பிட்டால் வேகம் குறையும். தொடக்கத்தில் ஒரே முறை கூப்பிட்டு மாறியில் வைத்துக்கொண்டேன்.

நீளமான பெயர்கள் அடுத்த வரிக்கு மடிந்தன. டிபுட்டுக்கு 'ஆர்எம்ஏஎம்' கொடுத்து மடிப்பை நிறுத்தினேன். கர்சர் துடிப்பதை மறைக்க 'சிவிஸ்'.

அன்றிரவு ஸ்கிரிப்டை நிறுத்த பாதியில் கன்ட்ரோல்-சி அடித்தேன். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட் வந்தது, கர்சர் இல்லை. நீளமான கட்டளை எழுதினால் வலது ஓரத்திலேயே எழுத்து மேல் எழுத்து விழுந்தது. கர்சரைத் திரும்பக் காட்டும் 'டிபுட் சிநார்ம்', மடிப்பைத் திரும்பத் தரும் 'டிபுட் எஸ்எம்ஏஎம்' இரண்டையும் அடித்து மீட்டேன். அப்புறம் அந்த இரண்டையும் ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே எக்ஸிட் ட்ராப்பில் (ஸ்கிரிப்ட் முடியும்போது தானாக ஓடும் கட்டளைகள்) வைத்தேன். பாஷில் கன்ட்ரோல்-சிக்கும் அது ஓடும்; டாஷ் என்ற இன்னொரு ஷெல்லில் ஓடாது, கன்ட்ரோல்-சி அனுப்பும் இன்ட் சிக்னலுக்குத் தனியாக எழுத வேண்டும்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டபோது டெர்ம் மாறியே இல்லை என்று டிபுட் நின்றுவிட்டது. வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று '-டி 1' சோதனை சேர்த்தேன்; இல்லையென்றால் இந்தக் குறிகள் எதையும் அனுப்பாது. இரவு ஓட்டத்தில் இப்போது லாக் கோப்பில் சாதாரண வரிகள்தான் விழுகின்றன.