அம்பாசிடர் டேப் செட்டில் போன் பாட்டு: காரைக்குடியில் செய்து பார்த்தது

வண்டி டீசல் அம்பாசிடர். செட், கேசட்டும் ரேடியோவும் மட்டும் உள்ள பழைய இரண்டு ஸ்பீக்கர் செட். உள்ளே ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஐசி எல்ஏ4440. வெளியிலிருந்து பாட்டைக் கொடுக்கும் ஆக்ஸ் சாக்கெட் கிடையாது. செட்டை மாற்றக்கூடாது, டேஷ்போர்டை அறுக்கக்கூடாது, எம்பி3 பிளேயரும் போனும் அதில் பாட வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் இந்த மாதிரி வண்டிகளில் புது செட்டை வைத்தால் கண்ணை உறுத்தும்.

முதலில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டரில் செருகி, போனை அதில் இணைத்து, ரேடியோவை அதே அலைவரிசைக்குத் திருப்புவதுதான் முறை. காரைக்குடி மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருப்பதால் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை காலி இடம் தாராளம். கோடை பண்பலையின் 100.5-ஐ ஒட்டி மட்டும் வைக்க வேண்டாம். சிக்கல் ஊரைத் தாண்டினால்தான். மேலூர் வந்ததும் மதுரை நிலையங்கள் ஏறி உட்காரும், தொண்டிக் கடற்கரைப் பக்கம் இலங்கை நிலையங்கள் நுழையும். ஏரியலை உள்ளே தள்ளிவிட்டால் வெளி நிலையங்கள் அடங்கும். உள்ளேயே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பிழைத்துக்கொள்ளும். சத்தம் கூர்மையாகக் காதைக் குத்தினால் பெரும்பாலும் அது டிரெபிளை அதிகம் தூக்கி அனுப்பும் 75 மைக்ரோசெகண்ட் கணக்கில் செய்த டிரான்ஸ்மிட்டர். நம் நாட்டு ரேடியோ அதைவிடக் குறைவாகத் தூக்கும் 50 கணக்குக்கானது. டிரெபிளைக் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து கேசட் அடாப்டர்: கேசட் வடிவில் உள்ளே போய், போன் வயரில் வரும் பாட்டை டேப் ஹெட்டுக்குக் கொடுப்பது. டிரான்ஸ்மிட்டரைவிடச் சுத்தம், ஆனால் செட்டின் டேப் பகுதியின் நிலைமையைப் பொறுத்தது. செம்மண் புழுதி ஹெட்டில் படிந்திருந்தால் மேல் ஸ்தாயி மங்கும்; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பாதி தெளியும். பிறகும் மங்கல் என்றால் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவை மிக மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடாப்டருக்குள் பல்சக்கரங்கள் கரகரவென்று சுற்றும். சாதாரண டேப்பில் அவற்றைக் கழற்றி எறிந்தால் அமைதி. ரீல் சுற்றுகிறதா என்று பார்க்கும் ஆட்டோ ரிவர்ஸ், ஆட்டோ ஸ்டாப் டேப்பில் கழற்றக்கூடாது. கழற்றினால் கேசட் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

இரண்டும் ஒட்டுப்போடும் வேலை. நல்ல வழி, வால்யூம் கண்ட்ரோலிலேயே நேராக உள்ளே நுழைவது. பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றிவிட்டு செட்டைத் திறக்கவும். வால்யூம் கண்ட்ரோல் இரட்டை. இடதுக்கு ஒரு வரிசைக் கால், வலதுக்கு ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் கீழ்க்கால் எர்த், நடுக்கால் ஐசிக்குப் போவது, மேல்கால் ரேடியோவும் டேப்பும் வந்து சேரும் இடம். நமக்கு வேண்டியது மேல்கால். பல கார் செட்டுகளில் லவுட்னஸுக்காக (குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கிக் காட்ட) நான்காவது கால் ஒன்று இருக்கும். அதில் பாட்டைக் கொடுத்தால் சத்தம் கோணலாக வரும். மல்டிமீட்டரில் பார்த்தால் எர்த்தோடு ஒட்டியது கீழ்க்கால். குமிழைத் திருப்பத் திருப்ப அளவு பூஜ்யத்திலிருந்து ஏறுவது நடுக்கால். மீதி இரண்டில் கீழ்க்காலிலிருந்து அதிக ஓம் காட்டுவது மேல்கால்.

மேல்காலுக்கு வரும் போர்டின் செப்புத் தடத்தை இடது, வலது இரண்டிலும் வெட்டிவிட்டு, 3.5 மில்லிமீட்டர் ஸ்விட்ச் உள்ள ஐந்து கால் ஸ்டீரியோ சாக்கெட்டை நடுவில் போட வேண்டும். ரேடியோ பக்கத்து முனை சாக்கெட்டின் ஸ்விட்ச் காலுக்கு, சாக்கெட்டின் சிக்னல் கால் 1 மைக்ரோஃபாரட் மைலார் கன்டென்சர் வழியாக வால்யூமின் மேல்காலுக்கு. ஜாக் செருகாதபோது ரேடியோ பழையபடி பாடும், செருகினால் தானே அறுந்துவிடும். கன்டென்சரைச் சிறிதாக்க வேண்டாம்: 20 கிலோ ஓம் கண்ட்ரோலில் 1 மைக்ரோஃபாரட் 8 ஹெர்ட்ஸிலிருந்து விடும், 0.1 போட்டால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய்ந்து தவிலின் தொப்பிச் சத்தம் மெலிந்துபோகும். போகும் வயர், வரும் வயர் இரண்டுமே ஷீல்டு வயராக இருக்கட்டும். இல்லாவிட்டால் பாட்டு இடைவெளியில் ரேடியோ இரைச்சல் மெல்லக் கசியும். சாக்கெட்டை ஆஷ்ட்ரே குழிக்குள் வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

இனி எர்த். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். சாக்கெட்டின் எர்த், வால்யூமின் கீழ்க்காலுக்கு மட்டும் போக வேண்டும், வண்டியின் பாடியில் தொடக்கூடாது. பிளாஸ்டிக் உடல் சாக்கெட் வாங்கச் சொல்வது அதற்காகத்தான். எல்லாம் சரியாகச் செய்தும், போனை சார்ஜரில் போட்ட உடனே ‘ஙொய்ய்’ என்று ஒரு சத்தம் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அது சேர்ந்து ஏறும். சார்ஜரின் எர்த் ஒரு வழி, பாட்டு வயரின் எர்த் இன்னொரு வழி; இரண்டுக்கும் இடையே ஆல்டர்னேட்டர் கரன்ட் ஓடும்போது உண்டாகும் சிறு வோல்ட் வித்தியாசத்தைத்தான் செட் பாட்டு என்று நினைத்துப் பெருக்குகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் நோய் இதுதான். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது என்பதால் டக்டக் சத்தத்துக்கு இடமில்லை. பெட்ரோல் வண்டியில் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடையில் விற்கும் ஐசோலேட்டர் டிரான்ஸ்பார்மரை வயர் நடுவில் போட்டால் சத்தம் போகும். மலிவானதில் பேஸும் கூடப் போகும். சின்ன இரும்பு, கனமான சத்தத்தைத் தாங்காது. பேட்டரியில் ஓடும் எம்பி3 பிளேயருக்கு அது தேவையே இல்லை.

இன்னொன்று, பாட்டில் வாத்தியம் மட்டும் கேட்டு நடுவில் பாடுபவர் குரல் காணாமல் போனால் செட்டைச் சந்தேகிக்க வேண்டாம். மைக் உள்ள நான்கு பட்டை ஜாக்கை மூன்று பட்டை சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள். எர்த் தொடாமல் மைக் பட்டை தொடுகிறது. இடது வலது வித்தியாசம் மட்டும் கேட்கிறது. இரு முனையும் மூன்று பட்டை உள்ள வயர் வாங்கினால் தீர்ந்தது.

கடைசியாகச் சேர்த்தது சிறிய புளூடூத் ஆடியோ போர்டு. 12 வோல்ட்டை 7805 ஐசி மூலம் 5 வோல்ட்டாக்கி நேராகக் கொடுத்தால் அதே எர்த் வளையம் உருவாகி, பாட்டு நிற்கும்போதெல்லாம் கிரீச்சிடும். நடுவில் பி0505எஸ் என்ற ஐசோலேட்டட் கன்வெர்ட்டரை (இரு பக்க எர்த்தையும் ஒட்டாமல் பிரித்து வைத்து 5 வோல்ட் தருவது) போட்டதும் அடங்கியது. அது 1 வாட். 5 வோல்ட்டில் 200 மில்லியாம்பியர்தான் தரும். போர்டுக்கு அது போதும், போன் சார்ஜ் செய்ய நினைக்க வேண்டாம். கன்வெர்ட்டரின் இரு பக்கமும் 10 மைக்ரோஃபாரட் கன்டென்சர் வைக்கவும். போர்டின் எர்த் பாட்டு வயர் வழியாக மட்டுமே செட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் கன்வெர்ட்டர் போட்டும் பயனில்லை. போர்டை செட்டின் இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால் பின் சீட்டிலிருந்து சிக்னல் அறுபடுகிறது; ஆஷ்ட்ரே குழிக்குப் பின்னால் பிளாஸ்டிக் டப்பியில் வைத்தபோது அறுபடவில்லை. இணைந்ததும் பெண் குரலில் ‘கனெக்டட்’ என்று கத்துவதை மட்டும் இந்தப் போர்டில் நிறுத்த வழி கிடைக்கவில்லை. வண்டி எடுக்கும்போது வால்யூமைக் குறைத்து வைக்கவும்.