இது விளையாட்டு இல்லீங்க

அந்தப் பதிலைச் சொன்னதில் தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தத் துணி உறையைக் கையில் எடுக்கும்போதும், வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று மனசு திரும்ப அங்கேயே போய் நிற்கிறது.

என்னிடம் சிகிச்சைக்கு வரும் பையனுக்கு வலப்பக்கம் பலவீனம். பெருமூளை வாதம், மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை. இடக்கை எல்லா வேலையையும் முந்திக்கொண்டு செய்துவிடுவதால், வலக்கை தன்னால் முடிந்ததைக்கூடச் செய்யாமல் சும்மா மடங்கிக் கிடக்கும். பக்கவாதம் வந்த பெரியவர்களிடம் இப்படி நடப்பதை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கினார். நல்ல கையைச் சில மணி நேரம் கட்டுப்படுத்தி, தயங்கும் கைக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை அவருடைய ஆய்விலிருந்து வந்ததுதான். குழந்தைகளுக்கும் அதையே செய்கிறோம், கொஞ்சம் இதமாக. இடக்கையில் ஒரு துணி உறை. வலக்கையால் புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பல்லாங்குழியில் போட வேண்டும்.

முதலில் அவன் உறையைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். பிறகு ஒருநாள், நான் எதுவும் சொல்லாமலே, “கரடி தூங்குது, சத்தம் போடாதீங்க” என்றான். உறை மாட்டிய கை மடியில் தூங்கும் கரடி. அது விழிப்பதற்குள் வலக்கை அதன் சாப்பாட்டைத் திருடிக் குழியில் ஒளித்து வைக்க வேண்டும். விதி முழுக்க அவனுடையது. விரல்கள் நடுங்கின, கொட்டை உருண்டு ஓடியது. அவன் நிறுத்தவே இல்லை.

அப்போதுதான் அவனுடைய அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், கதவருகே வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க மேடம், இந்த வெளையாட்டுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோமுங்க?”

“இது விளையாட்டு இல்லீங்கம்மா. ட்ரீட்மென்ட்டுங்க.”

பையன் என்னைப் பார்த்தான். உறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

வியர்வையாக இருக்கலாம். அம்மிச்சியைப் பார்த்ததும் வீட்டு நினைப்பு வந்திருக்கலாம். நேரமும் முடியப்போகிற நேரம்தான். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறுபக்கமும் இருக்கிறது. அம்மிச்சி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். “ஆமாங்க, விளையாட்டுத்தான்” என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் அடுத்த வாரம் வந்திருப்பாரா? குழந்தை வராவிட்டால் என் தத்துவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் துறையில் தவறாமல் வருவதுதான் பாதி மருந்து.

ஆனால் நான் சொன்னது உண்மையா? இதைத்தான் விட முடியவில்லை. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978இல் ஒரு விளக்கம் தந்தார்: எளிதான வழி இருக்கும்போது அதை விலக்கி, தேவையில்லாத ஒரு தடையை விரும்பி ஏற்று, அதைக் கடக்க முயல்வதுதான் விளையாட்டு. குழியில் பந்து விழ வேண்டுமென்றால் கையால் கொண்டுபோய்ப் போடலாம். கோல்ஃப் ஆடுகிறவர் குச்சியால்தான் தட்டுவேன் என்கிறார். உறையும் புளியங்கொட்டையும் அச்சு அசலாக அதுதான். நல்ல கை இருக்க, மற்றக் கையால்தான் எடுக்க வேண்டும் என்ற தடை. ‘விரும்பி’ என்ற ஒன்று மட்டும் குறைவு. நான் மாட்டியபோது இல்லாத அந்த விருப்பத்தைக் கரடி கொண்டுவந்தது.

இதற்கு நேர்மாறாக ரோஜர் கைவா என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரை எடுத்துக்கொண்டால், விளையாட்டு எதையும் உற்பத்தி செய்யாது, அதனால் ஒரு பலனும் மிஞ்சாது. அந்தக் கணக்கில் நான் அம்மிச்சியிடம் சொன்னது சரி. என்னிடம் இலக்கு இருந்தது, அதை அட்டையில் எழுதியும் வைத்திருந்தேன். இத்தனை கொட்டை, இத்தனை நிமிடம். ஒரே மேசையில் அவன் விளையாடிக்கொண்டிருந்தான், நான் வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டும் ஒரே செயல். இதில் யார் பக்கத்தை வைத்து அதற்குப் பெயர் வைப்பது?

மானுடவியலாளர் கிரெகரி பேட்சன் 1952இல் சான்ஃபிரான்சிஸ்கோ மிருகக்காட்சிசாலையில் குரங்குகள் செல்லச் சண்டை போடுவதைப் பார்த்து யோசித்ததுதான் எனக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. கடிப்பது போலச் செய்கிறது, ஆனால் அது கடி இல்லை. ‘இது விளையாட்டு’ என்ற சேதி இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது நடக்கும். சேதி அறுந்தால் கடி கடியாகிவிடும். எங்கள் துறை ஆய்வாளர் அனிதா பண்டி குழந்தையின் விளையாட்டுத்தனத்தை அளக்க ஓர் அளவுகோல் செய்தபோது இந்தச் சேதியையும் அதில் சேர்த்தார். தானாக வரும் ஆர்வம், தன் கையில் இருக்கும் கட்டுப்பாடு, நிஜத்தின் பிடியிலிருந்து விலகும் சுதந்திரம், கூடவே இதுவும். நான் படித்துத் தேர்வெழுதிய பாடம்தான். அந்தச் சேதியை அவன் காதுபட அறுத்தது நான். கரடி உறையாகிவிட்டது.

இப்படி எழுதும்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தவிடாமல் செய்தவர் அம்மிச்சிதான்.

அவர் வருவதை நிறுத்தவில்லை. ட்ரீட்மென்ட் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, வீட்டில் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து நிலக்கடலை உரிக்கச் சொல்லியிருக்கிறார். இடக்கையால் பிடி, வலக்கையால் அமுக்கு. கரடி இல்லை, கதை இல்லை. “அம்மிச்சிக்கு வேலை செஞ்சு குடு சாமி” அவ்வளவுதான். என்னிடம் பத்து நிமிடம் உட்காராதவன் அங்கே படி நிறைய உரித்திருக்கிறான். அடுத்த முறை வந்தபோது கட்டைவிரலின் பிடி நன்றாகவே தேறியிருந்தது. “வீட்டுல என்ன விளையாடினே?” என்று கேட்டேன். “வெளையாடல. வேலைங்க மேடம்” என்றான். அவ்வளவு பெருமை முகத்தில்.

அப்படியானால் அன்று உறையைக் கழற்றியதற்கு நான் இத்தனை நாள் கொடுத்த விளக்கம் என்ன ஆகிறது? ட்ரீட்மென்ட் என்ற சொல் அவனை உடைக்கவில்லையோ என்னவோ. பெரியவர்களின் காரியத்தில் தனக்கும் பங்கு கிடைத்தால் போதும் என்றிருந்ததோ. புளியங்கொட்டையை எடுத்துக் குழியில் போடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அன்று அவனுக்குத் தெரிந்துவிட்டதோ. ஒன்றுக்கும் ஆகாமல் இருப்பதுதானே விளையாட்டின் அழகு என்று கைவா பக்கம் நின்று சொல்லத் தோன்றுகிறது. கடலைச் சட்டியைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை.

உறை போடும் நேரத்தைக் குறைத்து, இரண்டு கையும் சேர்ந்து செய்யும் பயிற்சிக்கு அவனை மாற்றினேன். மதிப்பீட்டுத் தாளில் கடலை உரிப்பதை எங்கே குறிப்பது என்று பயிற்சிக்கு வந்த மாணவி கேட்டாள். அன்றாட வேலைக்கு ஒரு பகுதி உண்டு, விளையாட்டுக்கு ஒரு பகுதி உண்டு. விளையாட்டு என்ற பகுதியில் எழுதச் சொன்னேன். வேலை என்று அவனே வாயால் சொன்ன பிறகும் அப்படிச் சொன்னேன். அவள் எழுதிவிட்டாள், நானும் திருத்தவில்லை.