விரட்ட ஒரு தண்ணீர், பிடித்து வைக்க ஒரு தண்ணீர்

செவ்வாய்க்கிழமை இரவென்றால் எங்கள் வீட்டில் பாஸ்தா. தம்பி வேலை முடிந்து வர எட்டேகால் ஆகும். ஏழேகாலுக்கு நான் ஓவனை 220 டிகிரிக்குத் திருப்பிவிட்டுக் கத்தியை எடுப்பேன். சுட்ட காய்கறி, பாஸ்தா, சீஸ். மூன்று வருடமாக இதையே திரும்பத் திரும்பச் செய்து வருகிறேன். முழுக்க முழுக்கத் தண்ணீரைக் கவனிக்க வேண்டிய சமையல் இது என்பது எனக்குப் பிடிபடவே முதல் வருடம் போய்விட்டது. காய்க்குள் இருக்கும் தண்ணீரை விரட்ட வேண்டும், பாஸ்தா வெந்த தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும்.

எங்கள் இருவருக்கு ஒரு பெரிய கத்தரிக்காய், வெள்ளரிக்காய் போலிருக்கும் சுக்கினி ஒன்று, இரண்டு சிவப்புக் குடைமிளகாய், இரண்டு வெங்காயம், ஒரு கைப்பிடி செர்ரித் தக்காளி, தோலோடு ஆறு பல் பூண்டு. நறுக்கிக் குவித்தால் மலைபோல் தெரியும். பயப்பட வேண்டாம், வெளியே எடுக்கும்போது பாதியாகச் சுருங்கியிருக்கும். இந்தக் காய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே.

அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகிற வரை காயின் மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. பொன்னிறமாகச் சிவந்து வாசனை வர 140 டிகிரியாவது வேண்டும். நான் ஆரம்பத்தில் எல்லாக் காயையும் ஒரே ஓவன் தட்டில் அள்ளிப் போட்டுவிடுவேன். ஒன்றன்மேல் ஒன்று கிடந்த காய்கள் விட்ட ஆவியிலேயே வெந்து, தொளதொளவென்று ஆகி, தட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். தம்பி ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவான், ஆனால் கத்தரிக்காய் மட்டும் தட்டின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

இப்போது இரண்டு தட்டு. இரண்டு சென்டிமீட்டர் துண்டுகள், துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி. மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைக் கையாலேயே பிசறி, எல்லாப் பக்கமும் மினுக்கென்று ஆனதும், ஓவனுக்குள் தள்ளுவதற்குச் சற்று முன்புதான் உப்பு. முன்கூட்டியே போட்டு வைத்தால் காய் நீர் விட ஆரம்பித்துவிடும். பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழும் கீழ்தட்டை மேலும் மாற்றி வைக்கிறேன். முப்பத்தைந்து நிமிடம் என்பது ஒரு கணக்குதான், பதத்தைச் சொல்வது கத்தரிக்காய். தட்டைக்கரண்டியால் மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் இன்னும் ஐந்து நிமிடம். அடி நன்றாகச் சிவந்த துண்டு தானாகக் கழன்று வரும். வெங்காயத்தின் ஓரம் நூல் அளவுக்குக் கறுத்திருக்கும், தக்காளி வெடித்துத் தன் சாற்றிலேயே ஜாம் போல இறுகியிருக்கும். அந்த நேரத்தில் ஓவன் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் இனிப்பு வாசனைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கலாம்.

சுட்ட காய் பொறுத்திருக்கும். பாஸ்தா பொறுக்காது. அதனால் தம்பி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவேன். வரி வரியாகக் கோடு உள்ள பென்னேயோ முறுக்கிய ஃபுசிலியோ 200 கிராம். மெல்லிசான ஸ்பகெட்டி இதற்குச் சரிப்படவில்லை, காயெல்லாம் வழுக்கிக்கொண்டு அடியில் போய்விடுகிறது. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பார்கள். நான் 200 கிராமுக்கே ஒன்றரை லிட்டரும் 15 கிராம் உப்பும்தான் வைக்கிறேன். தண்ணீர் குறைந்தால் அதில் இறங்கும் மாவுச்சத்து அடர்த்தியாக இருக்கும், எனக்கு வேண்டியது அதுதான். தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள், அது மேலே மிதக்கும், அவ்வளவுதான்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுவேன். அதற்கு முன் ஒரு குவளை நிறைய அந்த மங்கலான தண்ணீரை மொண்டு வைக்க வேண்டும். மறந்துபோய் மொத்தத்தையும் தொட்டியில் கொட்டிவிட்டு நின்ற இரவுகள் உண்டு. அதனால் வெறும் குவளையை முதலிலேயே சல்லடைக்குள் வைத்துவிடுகிறேன். வடிக்கப் போனால் அது கண்ணில் படாமல் போகாது.

அப்புறம் சீஸ். பார்மசான் கட்டியாக வாங்கி, 60 கிராம், பொடிப்பொடியாக நானே துருவுகிறேன். துருவியே வரும் பாக்கெட்டுகள் பலவற்றில் ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸ் என்னும் தாவர நாரோ கலந்திருக்கும், அது நன்றாகக் கரையாது. புது மொசரெல்லா இதில் வேண்டாம் என்பது என் கட்சி. காயிலிருந்து அரும்பாடுபட்டு விரட்டிய தண்ணீரை அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

அகலமான வாணலியில் சுட்ட பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கி, அரைக் குவளை பாஸ்தாத் தண்ணீர் விட்டு மசிக்கிறேன். பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து, கொதிப்பு அடங்க ஒரு நிமிடம் விடுகிறேன். இந்த ஒரு நிமிடம் ரொம்ப முக்கியம். கொதிக்கக் கொதிக்கச் சீஸைப் போட்டால் அதன் புரதம் இறுகி, கொழுப்பு தனியாகப் பிரிந்து, கரண்டியில் பசைபோலத் திரண்டுகொள்ளும். சூடு தணிந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, விடாமல் கிளறினால் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்து கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். க்ரீம் ஒரு சொட்டு இல்லாமலே பாஸ்தா மேல் பாலாடை போர்த்தியது மாதிரி ஒரு பளபளப்பு வரும். இறுகினால் இன்னொரு கரண்டித் தண்ணீர்.

காய்கள் கடைசியில்தான். இரண்டு புரட்டு, எலுமிச்சைச் சாறு கொஞ்சம், மிளகு, கிள்ளிப் போட்ட பேசில் இலை.

தம்பி இப்போதெல்லாம் தட்டில் எதையும் ஒதுக்குவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் நேராக ஓவன் தட்டுகளிடம் போய், மூலையில் ஒட்டிக் கறுத்த வெங்காயத்தை நகத்தால் சுரண்டித் தின்கிறான். கழுவ நான் அவசரப்படுத்துவதில்லை.