பன்னிரண்டுக்கும் முப்பதுக்கும் இடையில்

கணினி கேம்களை விற்கும் இணையக் கடைகளின் போட்டியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இரண்டு எண்களில் வந்து நின்றுவிடுகிறது. விற்பனைத் தொகையில் ஸ்டீம் வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 சதவீதம். எபிக் கேம்ஸ் ஸ்டோர் வழக்கமாக எடுத்துக்கொள்வது 12 சதவீதம். ஒரு சிறிய கேம் நிறுவனத்தில் கடைகள் சம்பந்தப்பட்ட வேலைகள் எல்லாம் என் பொறுப்பில் இருக்கின்றன. விற்பனைப் பக்கத்தைத் தயாரிப்பது, பில்டுகளை, அதாவது ஆடத் தயாரான கேம் கோப்புகளை, ஏற்றுவது, தள்ளுபடிக்குத் தேதி குறிப்பது, மாதக் கடைசியில் கணக்கைச் சரிபார்ப்பது என எல்லாவற்றையும் செய்பவன் என்ற முறையில், அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி சிறியது என்று நான் சொல்லமாட்டேன். நூற்றுக்கு எழுபது வருகிறதா, எண்பத்தெட்டு வருகிறதா என்பதைப் பொறுத்து எங்களைப் போன்ற இடத்தில் ஒருவருடைய வேலை நிலைக்கலாம் அல்லது போகலாம். ஆனாலும் எந்தக் கடையில் முதலில் விற்பது என்று நாங்கள் உட்கார்ந்து பேசியபோதெல்லாம் அந்த இடைவெளி எங்கள் முடிவைத் தீர்மானித்ததில்லை.

ஸ்டீம் 2003 செப்டம்பரில் வந்தபோது, வால்வ் நிறுவனம் தன் சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்புவதற்குச் செய்துகொண்ட ஏற்பாடாகவே இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளியானபோது, அதைப் பெட்டியில் வாங்கியவர்களும் ஸ்டீமை நிறுவித்தான் ஆக வேண்டும் என்றானது. 2005 முதல் பிறருடைய கேம்களும் அங்கே விற்பனைக்கு வந்தன. அதன் பிறகு அந்த இடத்தைப் பிடிக்க வந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பெரிய கேம் நிறுவனமான இஏ 2011-இல் ஆரிஜின் என்ற தன் கடையைத் தொடங்கியது. யுபிசாஃப்ட் 2012-இல் யூப்ளேயைக் கொண்டுவந்தது. பெதஸ்டாவும் தனக்கென ஒரு லாஞ்சரை, அதாவது கேம்களை வாங்கித் திறக்கும் செயலியை, வைத்துக்கொண்டது. தங்கள் கேம்களைத் தங்கள் கடையிலேயே விற்றால் யாருக்கும் பங்கு தரவேண்டியதில்லை என்ற கணக்கில் பிழை எதுவும் இல்லை. இருந்தும் இஏ 2019-இல் ஸ்டீமுக்குத் திரும்பியது, பெதஸ்டாவின் லாஞ்சர் 2022-இல் மூடப்பட்டது, அதே ஆண்டின் கடைசியில் யுபிசாஃப்ட்டும் திரும்பிவந்தது. விற்பனையில் பத்து சதவீதம் மட்டுமே எடுத்துக்கொள்வதாக அறிவித்த, கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் செயலியான டிஸ்கார்டின் கடை ஓர் ஆண்டுகூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. பங்கே தரவேண்டாத பெரிய நிறுவனங்கள் பங்கு கொடுக்கச் சம்மதித்துத் திரும்பிவந்தன என்றால், அந்தப் பங்குக்கு ஈடாக அங்கே ஏதோ கிடைக்கிறது என்றுதான் பொருள்.

அது என்ன என்பது விஷ்லிஸ்ட் வரைபடத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு கேம் வெளியாவதற்கு மாதக்கணக்கில் முன்பே அதற்கான பக்கத்தை ஸ்டீமில் திறந்துவைத்துவிடுவோம். பார்த்துப் பிடித்தவர்கள் அதைத் தங்கள் விஷ்லிஸ்ட்டில் சேர்த்துவைப்பார்கள். கேம் வெளியாகும் நாளிலும், பிறகு இருபது சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுக்கும் நாளிலும் அவர்கள் அனைவருக்கும் கடையே மின்னஞ்சல் அனுப்புகிறது. விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணமில்லாத நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்தப் பட்டியலை வேறு கடைக்கு எடுத்துப்போக முடியாது என்பதுதான் இதில் உள்ள பிடி. வாங்குபவர் பக்கத்திலும் இதே நிலைதான். பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த கேம்கள், ஆட்டத்தை விட்ட இடத்தைப் பதிந்துவைக்கும் சேவ்கள், சாதனைகளுக்குக் கிடைக்கும் அச்சீவ்மென்ட்டுகள், நண்பர்கள் பட்டியல் எல்லாம் ஒரே கணக்கில் இருக்கும்போது, புதிய கேம் ஒன்று வேறொரு கடையில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் அவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று கேலிசெய்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்க நியாயமான கணக்காகவே படுகிறது.

அந்தக் கடைக்குள்ளே நுழைந்தபின் நடக்கும் போட்டியைப் பற்றி வெளியில் அவ்வளவாகப் பேசுவதில்லை. கேமின் பெயரைத் தாங்கிய சிறிய படத்தைக் கேப்சூல் என்கிறோம். தேடல் முடிவுகளில் அது கட்டைவிரல் அகலத்துக்குத்தான் தெரியும். எங்கள் ஓவியர் பெரிய திரையில் வரைந்த அழகான படத்தை அந்த அளவுக்குச் சுருக்கியவுடன் பின்னணி குழம்பி, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும். பெயரை மட்டும் பெரிதாக்கி, பின்னணியில் இருந்த உருவங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு முகமும் ஒரு நிறமும் மிஞ்சும்போதுதான் படம் கண்ணில் நிற்கிறது. முன்பெல்லாம் அந்தச் சின்ன இடத்திலேயே விருது முத்திரைகளையும் பத்திரிகைப் பாராட்டுகளையும் சிலர் திணித்துவந்தார்கள். 2022 செப்டம்பர் முதல் வால்வ் அதைத் தடைசெய்துவிட்டது. எங்களைப் போல ஒட்டுவதற்கு விருதே இல்லாதவர்களுக்கு அது நல்ல விதி.

இரண்டாவது கடையைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தால், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை இன்னொரு பக்கத்தில் கேமை ஏற்றிவிடும் வேலையாக நினைக்கிறார்கள். ஸ்டீமுக்கு ஸ்டீம்பைப், எபிக்குக்கு பில்ட்பேட்ச்டூல், இட்ச் தளத்துக்கு பட்லர் என ஒவ்வொரு கடைக்கும் பில்டை ஏற்றும் கருவி வேறு; அதற்கான அமைப்புக் கோப்புகள் வேறு. இவை ஒருமுறை எழுதிவைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இதுகூடப் பெரிய பாரமில்லை. பாரம் கேமின் உள்ளே இருக்கிறது. அச்சீவ்மென்ட், கிளவுட் சேவ், நண்பரை அழைக்கும் பொத்தான் ஆகிய ஒவ்வொன்றும் அந்தந்தக் கடை தரும் நிரல் தொகுப்பான எஸ்டிகேயை அழைத்துத்தான் வேலைசெய்கிறது. இருவர் சேர்ந்து ஆடும் கேம் என்றால், ஒரு கடையில் வாங்கியவரும் மற்றொரு கடையில் வாங்கியவரும் சேர்ந்து ஆட முடிய வேண்டும். அதற்கு நடுவில் பொதுவான ஓர் அடுக்கை நாமே எழுத வேண்டும், அல்லது எபிக் இலவசமாகத் தரும் ஆன்லைன் சேவைகளைப் போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். எப்படிச் செய்தாலும், சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் இரட்டிப்பாகின்றன.

இதன் வலி தெரிவது பேட்ச் நாளில், அதாவது பிழை திருத்தங்களை வெளியிடும் நாளில்தான். ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரின் வயரைப் பிடுங்கினால் சேவ் கோப்பு கெட்டுப்போகும் ஒரு பிழை எங்கள் கேமில் இருந்தது. திருத்தம் தயாரானவுடன் ஒரு கடையில் நாங்களே பொத்தானை அழுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் அதை எல்லோருக்கும் சேர்த்துவிட்டோம். மற்றொரு கடையில் அதே திருத்தம் சரிபார்ப்பு வரிசையில் நாள்கணக்கில் காத்துக்கிடந்தது. ஒரே விலை கொடுத்து ஒரே கேமை வாங்கிய ஒருவர் ஏன் இன்னும் சேவ் கோப்பை இழந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலைதான். குறைவாகப் பங்கு கேட்கும் கடைக்கு இந்த உழைப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், பன்னிரண்டு என்பது பன்னிரண்டாக நிற்பதில்லை.

எபிக் 2018 டிசம்பரில் களத்தில் இறங்கியபோது இந்த நிலைமையை நன்றாக அறிந்தே இறங்கியது என்பது என் எண்ணம். கேம்களை உருவாக்க உதவும் தன் மென்பொருளான அன்ரியல் என்ஜினைப் பயன்படுத்துபவர்களிடம் வழக்கமாக வாங்கும் ஐந்து சதவீத ராயல்டியையும் தன் கடையில் நடக்கும் விற்பனைக்கு விட்டுக்கொடுத்தது. வாங்குபவர்களை இழுக்க இலவச கேம்களை அள்ளிக்கொடுத்தது. ஆப்பிளுக்கு எதிராக எபிக் தொடுத்த வழக்கில் 2021-இல் வெளியான ஆவணங்கள், முதல் ஒன்பது மாதங்களில் 38 கேம்களை இலவசமாகத் தருவதற்கு அது ஏறக்குறைய 1.16 கோடி டாலர் செலவழித்ததையும், அதன் மூலம் ஏறத்தாழ 50 லட்சம் புதிய கணக்குகள் வந்ததையும் காட்டின. ஒரு கணக்குக்கு இரண்டரை டாலருக்கும் குறைவான செலவு என்பது விளம்பரத் துறையில் இருப்பவர் யாரையும் பொறாமைப்படவைக்கும். ஆனால் கணக்கைத் திறப்பவர் எல்லாரும் வாங்குபவர் ஆகிவிடுவதில்லை. எபிக் தானே வெளியிட்ட ஆண்டுக் கணக்கின்படி, 2023-இல் அதன் கணினிக் கடையில் மக்கள் செலவழித்த 95 கோடி டாலரில் பிற நிறுவனங்களின் கேம்களுக்குப் போனது 31 கோடிதான். ஒரே நேரத்தில் இரண்டு கேம்களை வாங்க உதவும் கூடையைக்கூட அந்தக் கடை 2021 டிசம்பரில்தான் வைத்தது. பணத்தை இவ்வளவு தாராளமாக இறைத்த நிறுவனம் இந்தச் சின்ன விஷயத்துக்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை இன்றும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கடையின் பங்கு குறைந்தால் கேமின் விலையும் குறையும் என்று எதிர்பார்த்தவர்களும் ஏமாந்தார்கள். மெட்ரோ எக்ஸோடஸ் என்ற கேம், ஓராண்டுக்கு ஸ்டீம் போன்ற போட்டிக் கடைகளில் விற்பதில்லை என்ற தனியுரிமையோடு 2019 பிப்ரவரியில் எபிக்குக்குப் போனபோது, அமெரிக்காவில் அதன் விலை 59.99 டாலரிலிருந்து 49.99 டாலராகக் குறைந்தது. ஆனால் அது வழக்கமாக மாறவில்லை. பெரும்பாலான வெளியீட்டாளர்கள் எல்லாக் கடைகளிலும் ஒரே விலையை வைத்து, வித்தியாசத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சிறு நிறுவனங்களும் அதையேதான் செய்கின்றன, நாங்கள் உட்பட. பிற கடைகளில் குறைந்த விலைக்கு விற்கவிடாமல் வால்வ் தடுக்கிறது என்று குற்றம்சாட்டி உல்ஃபயர் கேம்ஸ் 2021-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. வால்வ் அதை மறுத்துவருகிறது. 2024 நவம்பரில் அந்த வழக்கு டெவலப்பர்கள் அனைவரின் சார்பிலான குழு வழக்காக ஏற்கப்பட்டது. தீர்ப்பு எப்படி வந்தாலும், தன் மிகப்பெரிய விற்பனைக் கடையின் மனதைக் கெடுத்துக்கொள்ள எந்தச் சிறு நிறுவனமும் முன்வராது என்ற நடைமுறைப் பயம் அதனால் எளிதில் மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

வேறொரு இடத்தில் போட்டி உண்மையாகவே வேலைசெய்தது. பணத்தைத் திரும்பத் தருவதில் முதலில் அசைந்தது 2013-இல் ஆரிஜின். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜூனில், வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் பணம் திரும்பும் என்று ஸ்டீம் அறிவித்தது. 2020-இல் ஜி.ஓ.ஜி. என்ற கடை அதை முப்பது நாட்களாக்கி, ஆடியிருந்தாலும் பரவாயில்லை என்றது. திரும்பக் கேட்பவர்கள் எழுதிவைக்கும் ஓரிரு வரிக் காரணங்களை நான் வாரந்தோறும் படிக்கிறேன். "எழுத்து மிகச் சிறியது", "என் கணினியில் இரண்டாவது கட்டத்தில் நின்றுவிடுகிறது" என்பது போன்ற அந்த வரிகள்தான் அடுத்த பேட்சில் எதைச் செய்யவேண்டும் என்ற பட்டியலின் தலையில் இடம்பெறுகின்றன. பாராட்டுக் கடிதங்களால் அந்த அளவுக்குப் பயன் இருந்ததில்லை.

அடுத்த கேமுக்கான வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஸ்டீம் பக்கத்தை முதலில் திறப்பதில் எங்களுக்குள் விவாதமே எழவில்லை. ஜி.ஓ.ஜி. கேட்பதுபோல, நகலெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டு இல்லாத பில்டைத்தான் எப்படியும் தயாரிக்கிறோம் என்பதால், ஜி.ஓ.ஜி. ஏற்றுக்கொண்டால் அங்கேயும் அதே நாளில் வரும். ஆறு மாதத் தனியுரிமைக்கு ஈடாக முழு வருமானத்தையும் டெவலப்பருக்கே தரும் திட்டத்தை எபிக் 2023-இல் அறிவித்தபோது நாங்கள் அதில் சேரவில்லை. ஆறு மாதம் ஸ்டீமில் இல்லாமல் இருப்பதன் விலை எங்களுக்கு அதைவிடப் பெரிது. 2025 ஜூன் முதல் நிலைமை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கேமுக்கும் ஆண்டுக்கு முதல் பத்து லட்சம் டாலர் வரை எபிக் எந்தப் பங்கும் எடுப்பதில்லை, தனியுரிமையும் கேட்பதில்லை. எங்கள் அளவு விற்பனையில் அந்த வரம்பைத் தொடுவோம் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை, ஆகவே எங்களைப் பொறுத்தவரை அங்கே பங்கு என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது. முதல் மூன்று பேட்சுகள் வெளியாகிப் பிழைகள் அடங்கிய பிறகு எபிக்குக்கும் போவது என்று தற்காலிகமாகக் குறித்துவைத்திருக்கிறோம். அங்கே ஏற்றும் பில்டைச் சோதித்து, நண்பர் அழைப்பைச் சரிபார்த்து, பேட்ச் நாளில் விழித்திருக்கப்போகும் அந்த இரண்டாவது ஆள் யார் என்ற கட்டம் மட்டும் அட்டவணையில் இன்னும் காலியாக இருக்கிறது.