முழுக்கையா, அரைக்கையா

2025 ஆகஸ்ட் 6, புதன்

மின்னஞ்சல் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் காணொளி வழியே வேலை நேர்காணலின் முதல் சுற்று. உடனே உட்கார்ந்து என் விவரக்குறிப்பை ஒரு முறை படித்துப் பார்த்திருக்கலாம். நான் போய்த் திறந்தது பீரோவை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இருக்கும் சட்டைகளையெல்லாம் கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். நல்ல நிலையில் இருப்பவை அனைத்தும் டி-ஷர்ட்டுகள். அத்தனையிலும் இடது மார்பில் பழைய அலுவலகத்தின் முத்திரை தைத்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கு ஒன்று, திட்டம் முடிந்ததற்கு ஒன்று, மாரத்தான் ஓடியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு ஒன்று என்று அவர்கள் அள்ளிக் கொடுத்ததில், நான் காசு கொடுத்துச் சட்டை வாங்குவதையே விட்டிருக்கிறேன் போலும். அந்த முத்திரையோடு இன்னோர் இடத்தில் போய் வேலை கேட்க முடியாது. வீட்டில் போட்டுக்கொள்ளவும் மனம் வரவில்லை.

வெள்ளை முழுக்கைச் சட்டை ஒன்று தேறும் என்று எண்ணியிருந்தேன். காலருக்குள் விறைப்புக்காக ஒட்டி வைக்கும் துணியின் பசை, இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலும் வெந்நீரிலும் விட்டுப்போய், காலர் முழுவதும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. எத்தனை முறை தேய்த்தாலும் சூடு ஆறியதும் மறுபடி எழும்புகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. இன்று வீட்டில் புதுத்துணி உடுத்தியது கலசம் மட்டுமே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரதமர் வந்து பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தைத் திறந்து வைக்கிறார் என்று ஊரே பரபரப்பாக இருக்க, எங்கள் கூடத்தில் கேமரா ஒத்திகை நடந்தது. தம்பியிடம் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை என்னைக் காப்பாற்றும் என்றுதான் நம்பினேன். மடிக்கணினியின் கேமரா வெளிச்சத்தைத் தானாக அளந்து கூட்டிக் குறைத்துக்கொள்வது. பளீரென்ற வெள்ளையைக் கண்டதும் அது படம் முழுவதையும் மங்கச் செய்கிறது. சட்டை அழகாகத் தெரிந்தது. கறுத்த நிறமுள்ள என் முகம் அதற்கு மேலே இருட்டுக்குள் போய்விட்டது. சன்னக் கோடு போட்ட சட்டையோ இன்னும் மோசம்: துணியின் கோடுகளும் கேமராவின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், நான் அசையும்போதெல்லாம் நெஞ்சின்மேல் அலை அலையாக ஏதோ ஓடியது. ‘அசையாம பேசுங்கப்பா’ என்றாள் மகள். கடைசியில் தேறியது இளநீலம்.

டி-ஷர்ட் போதும் என்பது அவள் கட்சி. முழுக்கைச் சட்டை போட்டு, கைப்பொத்தானையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கேள்வி கேட்பவருக்கு நான் அவருடைய வங்கி மேலாளரைப் போலத் தெரிவேனாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முடிந்தது. மேலே இளநீலம், கீழே லுங்கி. எதிரே இருந்த மூவரில் ஒருவர் வட்டக் கழுத்து டி-ஷர்ட், ஒருவர் தொப்பி வைத்த குளிர்ச்சட்டை, ஒருவர் கேமராவையே திறக்கவில்லை. அந்த மூன்றாமவர் என்ன அணிந்திருந்தார் என்ற நினைவே மாலை வரை ஓடியது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அடுத்த சுற்று நேரில். இருபத்தோராம் தேதி, எலெக்ட்ரானிக் சிட்டி. கடிதத்தின் கடைசி வரி, ‘உங்களுக்கு வசதியான உடையில் வரலாம்’ என்கிறது.

இந்த ஒரு வரி இன்றைய பொழுதைத் தின்றுவிட்டது. எனக்கு வசதியானது வேட்டி. அதைக் கட்டிக்கொண்டு இந்த ஊரில் எங்கெல்லாம் நுழையலாம் என்பது 2024 ஜூலையில் தெரிந்தது. மாகடி சாலை மால் ஒன்றில் மகனோடு படம் பார்க்க வந்த முதியவரைப் பஞ்சே, அதாவது இந்த ஊர் வேட்டி, கட்டியிருந்த காரணத்துக்காக உள்ளே விட மறுத்தார்கள், அரசு அந்த மாலையே ஒரு வாரம் மூட வைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், உடை அழுக்காக இருக்கிறதென்று ஒரு விவசாயியை நிறுத்தினார்கள். கையில் பயணச்சீட்டு இருந்தும் நிறுத்தினார்கள். நிறுத்தியவரின் வேலை போயிற்று, நியாயம் கிடைத்தது என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்த விவசாயி வாசலில் நின்ற சில நிமிடங்கள்தான் நினைவில் நிற்கின்றன. வசதியான உடை என்று எழுதுகிறவர்கள், எந்த வசதி வரைக்கும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாள்களில் டை கட்ட வேண்டும் என்றால் கட்ட வேண்டும். இன்ஃபோசிஸ் 2015இல் உடை விதியைத் தளர்த்தி, வாரநாள்களிலும் ஜீன்ஸ் அணியலாம் என்றபோது, எங்கள் அலுவலகத்திலும் எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன். விதி இருந்தவரை, 25 வயதுக்காரனும் 49 வயதுக்காரனும் ஒரே டையில் நின்றோம். விதி போனபின், என்ன அணிவது என்பதைக்கொண்டே ஒருவருடைய வயதைச் சொல்லிவிட முடிகிறது. டி-ஷர்ட்டில் போனால் இளமை காட்டுகிறான் என்பார்கள். இன் செய்துகொண்டு போனால் பழைய ஆள் என்பார்கள். யார் என்பார்கள் என்று மனைவி கேட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குடியிருப்பில் கொடியேற்றம். செயலாளர் அணிந்திருந்த கதர்ச் சட்டையின் காலரில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

பரண்மேல் இருந்த ஷூவை இறக்கினேன். கொரோனாவுக்கு முன் வாங்கியது. மேல்தோல் புதிது போலவே இருந்தது. பாலிஷ் போட்டு, கால் பழகட்டும் என்று கூடத்தில் நடந்தேன். நான் நடந்த வழியெல்லாம் கறுப்புத் துகள்கள் கிடப்பதை மனைவிதான் காட்டினாள். திருப்பிப் பார்த்தால் குதிகாலின் ஒரு பக்கம் விரல் பட்டதும் ஈரமான கேக் போல உதிர்ந்தது.

அல்சூர் சந்தைக்கு அருகில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர் என்பதால் அவர் சொல்வதை நான் மறுப்பதில்லை. ஷூவை வாங்கி முகர்ந்து பார்த்தார். ‘பி.யூ. சோல் சார், பெட்டியில வெச்சாலும் வெந்துடும்’ என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன்: பாலியூரித்தேன் அடித்தளம் காற்றின் ஈரப்பதத்தை வாங்கி, உள்ளே இருக்கும் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, அணிந்தாலும் அணியாவிட்டாலும் சில ஆண்டுகளில் தூளாகிவிடுமாம். நேர்காணல் நடக்கும் அறையில், நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே, நான் எழுந்து வந்த வழியில் கறுப்புத் துகள்கள் கிடந்திருக்கும். இதை நினைத்தபடி படுத்திருக்கிறேன்.

ரப்பர் சோல் வைத்துச் சுற்றிலும் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தலைக்குச் சாயம் போடுவதா என்ற பேச்சு. பெட்டியின் பின்புறத்தில், காதின் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. கறுப்புச் சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமல் முகமே வீங்கிவிடும். இன்று தடவினால் செவ்வாய் வரை பொறுக்கலாம், நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் சாயம் போட்டால் சட்டையையும் மாற்ற வேண்டும். நரைத்த தலைக்கு முழுக்கையும் இன் செய்த பேண்டும் இயல்பாகவே இருக்கும்; கறுத்த தலையோடு அதே உடையில் போனால், தலை ஒன்று சொல்ல, உடை வேறொன்று சொல்லும். ‘மீசைய என்ன செய்வீங்க?’ என்று மட்டும் கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். மீசை என் தலையைவிடப் பத்து வயது மூத்தது.

தடவவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கருநீலப் பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. கடையில் தைத்து வாங்கியது என்பதால் பின்பக்கத் தையலுக்குள் துணி விட்டிருந்தார்கள். தையல்காரர் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, ஒன்றரை அங்குலம் பிரித்துவிடலாம், ஆனால் பழைய தையல் இருந்த கோடு தெரியும் என்றார். உண்மைதான்: வெளியே இருந்த துணி வெளுத்திருக்க, உள்ளே மடிந்திருந்த துணி இன்னும் கடைக்கு வந்த நாளின் நீலத்தில் இருக்கிறது. சட்டையை வெளியே விட்டால் மறையும். இன் செய்தால் பெல்ட்டுக்குக் கீழே தெரியும். இப்படியாக ஒரு முடிவை என் இடுப்பே எடுத்துவிட்டது என்று மகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஷூ வந்துவிட்டது. கனக்கிறது, ஆனால் உதிரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பயணம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கப் போனேன். வீட்டில் அப்படித்தான் சொன்னேன். அங்கே என்ன அணிகிறார்கள் என்று பார்ப்பதற்கே போனேன். அல்சூரில், அதாவது ஹலசூரு நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, ஆர்.வி. ரோடில் மஞ்சளுக்கு மாற வேண்டும். மூன்றே வண்டிகள் ஓடுவதால் 25 நிமிடங்களுக்கு ஒன்றுதான் வருகிறது. நடைமேடையில் நின்று வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அரைக்கை, முழுக்கை, மடித்துவிட்ட முழுக்கை, இன் செய்தது, செய்யாதது, குர்த்தா, தேய்ந்த செருப்பு என எல்லாமே இருந்தன. என்னைவிட மூத்தவர் ஒருவர் கசங்கிய சட்டையில், பொத்தான் ஒன்று இல்லாமல், கவலையே இல்லாமல் நின்றார். வெகுநேரம் பார்த்தபிறகே காரணம் பிடிபட்டது. அவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எல்லார் கழுத்திலும் தொங்கியது. நீல நாடா, சிவப்பு நாடா, நிறுவனத்தின் பெயர் வரிசையாக அச்சிட்ட நாடா. அந்த அட்டை இருந்தால் கசங்கிய சட்டைக்கும் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. நான் இளநீலமா வெள்ளையா என்று அலைந்ததெல்லாம், அட்டை இல்லாத கழுத்துக்கு ஈடு தேடித்தான்.

திரும்பும்போது கூட்டத்தில் என் கை தானாக நெஞ்சைத் தொட்டு எதையோ தேடியது.

ஆகஸ்ட் 20, புதன்

இஸ்திரி வண்டிக்காரரிடம் நின்று, கைப்பகுதியில் கோடு விழாமல் தேய்த்து வாங்கி வந்தேன். மாலையில் மின்னஞ்சல்: நேர்காணல் 28ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சட்டை கொக்கியில் தொங்குகிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் தள்ளி நடக்கவும்.

ஆகஸ்ட் 23, சனி

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்றார் மச்சினர் தொலைபேசியில். ஆள் என்கிற அந்தப் பாதிக்குத்தான் வயதாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று முழுவதும் எரிச்சல். மனைவி புதுச் சட்டை ஒன்றை கமர்ஷியல் தெருவில் வாங்கி வந்திருக்கிறாள்: வெளிர் சாம்பல், அரைக்கை, லினன். லினன் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும், அது அதன் குணம்; கசங்குவதற்கென்றே பணம் கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டுவிட்டேன். கசங்கினால்தான் இப்போது அழகு என்கிறாள். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தாள், ஆகவே விலை எனக்குத் தெரியக்கூடாத விலை. வருமானம் ஒன்றாகிப்போன வீட்டில் இது நியாயமா என்று கேட்க வாய் வந்தது. அந்த ஒரு வருமானம் அவளுடையது என்பதால் கேட்கவில்லை.

போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இளநீலம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லினன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. தெருமுனையில் பந்தல், காலையிலிருந்து ஒலிபெருக்கி. மாலையில் அல்சூர் ஏரிப் பக்கம் சிலை கரைக்கப் போகும் கூட்டத்தில் சாலையே தெரியவில்லை. நாளைக்கு மழை இருந்தால் அரைக்கை லினனில் குளிரும். குளிரூட்டிய அறை என்றால் முழுக்கையே நல்லது. இன்னொரு பக்கம், முதல் சுற்றில் இளநீலத்தைப் பார்த்தவர்களே நாளையும் வருவார்கள். இவனிடம் இருப்பது இந்த ஒரே சட்டை என்று நினைக்கமாட்டார்களா? முகத்தையே மறந்திருப்பவர்கள் சட்டையையா நினைவில் வைத்திருப்பார்கள் என்கிறாள் மகள். இது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை.

கேமராவைத் திறக்காத அந்த மூன்றாமவரும் நாளை வருவாராம், பட்டியலில் பெயர் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன், காலை 6.10

இளநீலம், முழுக்கை, இரண்டு மடிப்பு மடித்து. சட்டை வெளியே. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, லினனை எடுத்து உள்ளே வைத்தாள். வேலை கிடைத்தால் முதல் நாளுக்கு அதுதான் என்றிருக்கிறேன். மின்சாரம் இல்லை, பேண்டைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் மடிப்பை நிறுத்தினேன். மெட்ரோவில் இடம் கிடைத்தாலும் உட்காரப் போவதில்லை; முட்டியில் சுருக்கம் விழும். மழை தூறுகிறது, ஷூவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, செருப்போடு போய் அங்கே மாற்றிக்கொள்வதா என்று